மலையகத்தில் கிடைக்கும் ஒட்டுண்ணிப் புழுவை வகைப்படுத்திப் பெயரிடுவது எப்படி?

தோட்டப்புறத்து வீடுகளில் "பூச்சி" என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருக்கிறது. பிள்ளைக்குப் பூச்சிக் குளிசை, கன்றுக்குப் பூச்சி மருந்து, நாய்க்குட்டியின் வயிறு உப்பியிருந்தால் அதற்கும் பூச்சி. அன்றாடப் பேச்சுக்கு இதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் உயிரினங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்து உறவினர். மரபணு ஒப்பீடுகளின்படி உருளைப்புழுவுக்கு நாடாப்புழுவைவிட வண்டும் வண்ணத்துப்பூச்சியுமே நெருங்கிய உறவு; நாடாப்புழுவோ நத்தையும் மண்புழுவும் சேர்ந்த கிளைக்கு அண்மையில் நிற்கிறது. இந்தத் தூரம் மருந்திலும் தெரியும். நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல், குடலில் வாழும் உருளைப்புழுவை ஒன்றும் செய்வதில்லை. உருளைப்புழுவை முடக்கும் ஐவர்மெக்டின் நாடாப்புழுவைத் தொடுவதில்லை. ஆகவே எந்தப் புழு என்று அறிவது கால்நடை வளர்ப்பவருக்கும் கைக்கொடுக்கும் அறிவேயாகும்.

உயர்தரத்தில் உயிரியல் கற்றவர்கள், கால்நடைத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பேராதனையில் மிருக வைத்தியம் கற்கச் செல்ல இருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து, பாலூட்டிகளில் வாழும் புழு ஒன்று கையில் கிடைத்ததிலிருந்து அதற்குரிய பெயரைச் சீட்டில் எழுதும் வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். விஞ்ஞானப் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன்; சீட்டிலும் குறிப்பேட்டிலும் அவற்றை இலத்தீன் எழுத்திலேயே எழுத வேண்டும். வழி முழுவதும் ஒரு கொள்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கையிலுள்ள சான்று எந்த மட்டம் வரை செல்கிறதோ அந்த மட்டத்தில் பெயரை நிறுத்த வேண்டும். குடும்பம் வரை மட்டுமே தெரிந்தால் குடும்பப் பெயரை எழுதுவது முழுமையான, மதிக்கத்தக்க முடிவு.

முதற்படி: எங்கிருந்து எடுக்கலாம், எப்படி எடுக்கலாம்

கற்றுக்கொள்வதற்கு ஏற்ற இடங்கள் மூன்று. அனுமதி பெற்ற இறைச்சிக் கொட்டில், மிருக வைத்தியர் பிரேத பரிசோதனை செய்யும் இடம், பூச்சி மருந்து கொடுத்த மறுநாள் மாட்டுப்பட்டியிலும் நாய் கட்டுமிடத்திலும் வெளியேறும் கழிவு. காட்டு விலங்குகள் வேறு கதை. மரை, சிறுத்தை, புனுகுப்பூனை, குரங்கு ஆகியன தேயிலை மலைகளின் ஓரத்தில் இறந்து கிடப்பது உண்டு. ஆனால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நடைமுறையில் இருப்பதால், உடலைத் தொடுவதற்கு முன் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து அனுமதி பெற வேண்டும். வீதியில் அடிபட்ட விலங்கானாலும் இதே வழிதான்.

கையுறை அணியாமல் நாயின் மலத்தையோ குடலையோ தொடாதீர்கள். எக்கினோகொக்கஸ் என்னும் மிகச் சிறிய நாடாப்புழுவின் முட்டை மனிதருக்குள் சென்றால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும். நாய், பூனையில் வாழும் உருளைப்புழுவான டொக்சோகாராவின் குடம்பி கண் வரை செல்லக்கூடியது. இறந்த நாய், நரி, கீரி ஆகியவற்றில் நீர்வெறுப்பு நோய் இருந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றின் தலைப்பகுதியைப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: அது ஒட்டுண்ணிப் புழுதானா?

பரிசோதனைக்கு வருவனவற்றுள் கணிசமானவை ஒட்டுண்ணிப் புழுக்களே அல்ல. மழைநாளில் குளியலறைத் தரையில் முடிச்சிட்டு நெளியும் கறுத்த நூல் போன்ற உயிரி, பெரும்பாலும் வெட்டுக்கிளி, கரப்பான் முதலியவற்றின் உடலுள் வளர்ந்து நீரை நாடி வெளியேறிய முடிப்புழு. அது மனிதரில் வாழ்வதில்லை. ஆட்டின் மூக்கிலிருந்து தும்மலோடு விழும் வெண்மையான, வளையமிட்ட உடல் ஓர் ஈயின் குடம்பி. பிள்ளையின் மலத்தில் தெரியும் கறுத்த சிறு இழைகள், முதல்நாள் உண்ட வாழைப்பழத்தின் நாராக இருக்கலாம். உருப்பெருக்கி ஒன்றை வைத்து, வாய், குடல், துண்டங்கள், சுவாசத் துளைகள் ஆகியவற்றுள் எவை உண்டென்று பாருங்கள். பின்முனையில் கறுத்த இரண்டு சுவாசத் தகடுகள் தெரிந்தால் அது ஈயின் குடம்பி.

மூன்றாம் படி: பதிவுச் சீட்டு

புழுவைப் போத்தலில் இடுவதற்கு முன்பே சீட்டை எழுதிவிடுங்கள். விருந்துவழங்கி, அதாவது புழு வாழ்ந்த உடலுக்குரியது, எந்த விலங்கு, அதன் வயது, புழு இருந்த உறுப்பு, இடத்தின் பெயர், உயரம், திகதி, எடுத்தவர் பெயர் ஆகியன பென்சிலால் தடித்த தாளில் எழுதப்பட்டுப் போத்தலின் உள்ளே கிடக்க வேண்டும். பேனை மை அற்ககோலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய சீட்டு ஈரத்தில் கழன்றுவிடும்.

இவற்றுள் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது உறுப்பின் பெயரை. "மாட்டிலிருந்து" என்று மட்டும் எழுதினால் பாதித் தகவல் போய்விடும். மாட்டின் நான்காம் இரைப்பையில் இருந்த நூல் போன்ற புழுவும், வயிற்றறையில் குடலுக்கு வெளியே தளர்ந்து கிடந்த வெண்புழுவும் வேறு வேறு வருணங்களைச் சேர்ந்தவை. பின்னது பெரும்பாலும் செட்டாரியா. இலங்கையில் அறியப்பட்ட செட்டாரியா டிஜிட்டாட்டா, மாட்டின் வயிற்றறையில் பெரிதாகத் தீங்கு செய்யாமல் வாழ்கிறது. நுளம்பு அதன் குடம்பியை ஆட்டுக்குக் கொண்டுசென்றால், குடம்பி வழிதவறி முண்ணாணுக்குள் புகுந்து ஆட்டின் பின்கால்களை முடக்கிவிடும். இனம் ஒன்றுதான். விருந்துவழங்கியும் உறுப்பும் மாறியதால் வடிவமும் விளைவும் மாறிவிட்டன. அதனால்தான் சீட்டு இல்லாத புழுவைப் பார்க்கும் நிபுணர் பல வேளைகளில் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

உயரத்தை எழுதச் சொல்வதற்கும் காரணமுண்டு. பேராதனை ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,870 மீற்றர் அளவிலும் இருக்கின்றன. மண்ணில் முட்டை பொரித்துக் குடம்பி முதிர்வதற்கு வேண்டிய காலம் வெப்பநிலையைப் பொறுத்தது ஆதலால், ஒரே மாவட்டத்துள்ளேயே புழுக்களின் கலவை மாறக்கூடும்.

நான்காம் படி: கொல்வதும் காப்பதும்

உருளைப்புழுவைக் குளிர்ந்த அற்ககோலில் போட்டால் சுருண்டு இறந்துவிடும். பின்னர் அதை நேராக்க முடியாது. முதலில் உப்புக்கரைசலில் கழுவி, 60 முதல் 70 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிய 70% எத்தனோலில் இட்டால் அது நீண்டு நேராகும். எத்தனோலைத் தீச்சுவாலைமீது வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துள் நிறுத்திச் சூடாக்க வேண்டும். நாடாப்புழுவையும் தட்டைப்புழுவையும் முதலில் குளிர்ந்த நீரில் தளர விட்டு, அசைவு நின்ற பின் 70% எத்தனோலில் அல்லது 10% போமலினில் தட்டையாகக் கிடத்துங்கள். நாடாப்புழுவைக் குடல்சுவரிலிருந்து இழுத்தெடுக்காதீர்கள். தலைமுனை அறுந்து சுவரிலேயே தங்கிவிடும். தலைமுனை இல்லாத டீனியா என்னும் நாடாப்புழுவின் இனத்தைச் சொல்வது வெகு கடினம். குடற்துண்டோடு நீரில் விட்டுவைத்தால் அது தானாகவே கழன்றுவரும்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றிரண்டு புழுக்களை 95% எத்தனோலில் தனியே வைத்துவிடுங்கள். போமலின் மரபணுவைச் சிதைத்துவிடும். பின்னொரு நாள் யாராவது மரபணுச் சோதனை செய்ய விரும்பினால் இந்தத் தனிப் போத்தல் உதவும்.

ஐந்தாம் படி: நான்கு பெரும் பிரிவுகள்

இப்போது வகைப்படுத்தல் தொடங்குகிறது. இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று பாடசாலையில் கற்ற வரிசையே இங்கும் பயன்படும். பாலூட்டிகளின் உடலுள் வாழும் புழுக்களில் பெரும்பாலானவை நான்கு கூட்டங்களுக்குள் அடங்கும்.

உடல் குறுக்குவெட்டில் வட்டமாகவும், துண்டங்கள் இன்றியும், வாயிலிருந்து பின்முனைவரை குடல் உள்ளதாகவும், ஆண் பெண் தனித்தனியாகவும் இருந்தால் அது நெமற்றோடா என்னும் உருளைப்புழுக் கணம். உடல் நாடாவாக நீண்டு, துண்டங்களாகப் பிரிந்து, குடலே இல்லாதிருந்தால் அது செஸ்டோடா என்னும் நாடாப்புழு வகுப்பு. இலை அல்லது கூம்பு வடிவாக, துண்டங்கள் இன்றி, உறிஞ்சிகளோடும் ஒருபுறம் மூடிய குடலோடும் இருந்தால் அது திரெமற்றோடா என்னும் தட்டைப்புழு வகுப்பு. பின்னைய இரண்டும் பிளற்றிஹெல்மின்தீஸ் கணத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரே உடலில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதே வழமை, குருதிக்குழாயில் வாழும் சிஸ்டோசோமாக் குடும்பம் மட்டும் விலக்கு. நான்காவது, குடலற்று, உள்ளிழுக்கக்கூடிய கொழுக்கித் தும்பிக்கையுடன் காணப்படும் முட்தலைப்புழு. பன்றியின் சிறுகுடலில் வாழும் மாக்ரகாந்தோரிங்கஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது அஸ்காரிஸ் என்னும் உருளைப்புழுவைப் போலவே பெரிதாக இருப்பதால், தலையைப் பாராமல் உருளைப்புழு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

ஆறாம் படி: சாதி வரை இறங்குவது

தட்டைப்புழுக்களில் நம் மாட்டுப்பட்டிகளில் எதிர்ப்படுபவை முக்கியமாக இரண்டு கூட்டம். ஈரலின் பித்தக்குழாயில் கிடக்கும் பெரிய இலை வடிவப் புழு ஃபாசியோலா. முதலிரைப்பையில் இளஞ்சிவப்புக் கூம்புகளாகக் கூட்டங்கூட்டமாக ஒட்டியிருப்பவை பராம்பிஸ்டோமக் கூட்டம். ஃபாசியோலாவில் ஹெப்பாட்டிக்கா ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் வரை வளர்ந்து, முன்புறத்தில் தெளிவான தோள்கள் கொண்டிருக்கும். தெற்காசியாவில் பரவலான ஜைகான்டிக்கா 7 சென்ரிமீற்றரையும் தாண்டும், தோள் மங்கலாக இருக்கும். இடைப்பட்ட அளவும் வடிவமும் கொண்ட புழுக்கள் ஆசியாவில் இருப்பதால், தெளிவான புழு கையில் இல்லையேல் "ஃபாசியோலா இனம்" என்று நிறுத்திவிடுங்கள். பராம்பிஸ்டோமக் கூட்டத்தில் சாதியைச் சொல்ல உறிஞ்சியின் நடுக்கோட்டு வெட்டுத் தேவை. புதியவர் குடும்பத்தோடு நிற்பதே முறை.

நாடாப்புழுக்களில் முதலில் பார்க்க வேண்டியது இனப்பெருக்கத் துளை எப்பக்கம் இருக்கிறது என்பது. நாயில் கிடைத்த புழுவின் ஒவ்வொரு துண்டத்திலும் இருபுறமும் துளை இருந்தால் டிப்பிலிடியம். ஒருபுறம் மட்டும், அதுவும் ஒழுங்கின்றி மாறிமாறி இருந்தால் டீனியாக் குடும்பம். ஆடு, மாட்டின் சிறுகுடலில் இருபுறத் துளையோடு அகன்று குறுகிய துண்டங்கள் இருந்தால் பெரும்பாலும் மொனீசியா. மனிதரிடமிருந்து வரும் இரு டீனியாக்களில், சோலியத்தின் தலைமுனையில் கொழுக்கி வளையம் உண்டு, சஜினாட்டாவில் இல்லை. தலைமுனை கிடைக்காதபோது முட்டை நிறைந்து முதிர்ந்த துண்டத்தில் கருப்பையின் பக்கக்கிளைகளை எண்ண வேண்டும். ஒரு பக்கத்தில் 7 முதல் 13 வரை என்றால் சோலியம், 15க்கு மேல் என்றால் சஜினாட்டா. சோலியத்தின் முட்டை மனிதரின் மூளையில் சிறைப்பையை (குடம்பி அடங்கிய நீர்ப்பையை) உண்டாக்கக்கூடியது ஆதலால், எது என்று தெரியும் வரை அத்துண்டத்தைச் சோலியம் என்று கருதியே கையாள வேண்டும்.

உருளைப்புழுக்களில்தான் வேலை மிகுதி. முதலில் உடலை ஒளி ஊடுருவும்படி தெளிவாக்க வேண்டும். ஆய்வுகூடங்களில் இதற்கு லக்ரோபீனோல் பயன்படும்; பீனோல் தோலைச் சுடுவதால், வீட்டிலோ பாடசாலையிலோ செய்பவர்கள் 70% எத்தனோலில் 5% கிளிசரின் சேர்த்து, மூடியைச் சற்றுத் திறந்துவைத்து, அற்ககோல் மெல்ல ஆவியாகும்படி விடலாம். சில நாளில் புழு கிளிசரினில் கண்ணாடி போல் தெளிந்து நிற்கும். அதை வழுக்கியில் வைத்து நுணுக்குக்காட்டியில் மூன்று இடங்களைப் பாருங்கள்: வாய், தொண்டை, ஆணின் பின்முனை.

வாயைச் சுற்றி மூன்று பெரிய உதடுகள் தெரிந்தால் அஸ்காரிஸ் கூட்டம். மனிதரிலும் பன்றியிலும் அஸ்காரிஸ், எருமைக் கன்றிலும் மாட்டுக் கன்றிலும் டொக்சோகாரா விட்டுலோரம், நாய்க்குட்டியில் டொக்சோகாரா கேனிஸ், பூனையில் டொக்சோகாரா கேற்றி என்று இது விரியும். கடைசி இரண்டையும் பிரிப்பது கழுத்துப் பக்கத்துச் சிறகு. பூனையினுடையது அகன்று அம்புமுனை போல் முடியும். உடலின் பெரும்பகுதி நூலாகவும் ஒரு முனை மட்டும் தடித்தும் இருந்தால் டிரைக்கியூரிஸ் என்னும் சாட்டைப்புழு. ஆணின் பின்முனையில் விரல்கள் தாங்கிய குடை போன்ற விரிவு இருந்தால் அது ஸ்ட்ரொங்கைலிடா வருணம். ஆடு, மாடுகளுக்கு நட்டம் விளைவிக்கும் புழுக்களில் மிகப் பல இதற்குள் அடங்கும். ஆட்டின் நான்காம் இரைப்பையில் குருதி நிறைந்த செந்நிறக் குடலும் அதைச் சுற்றி முறுக்கிய வெண்ணிறச் சூலகமும் கொண்ட பெண்புழுவைக் கண்டால் ஹீமோன்கஸ் என்று வெறுங்கண்ணாலேயே சொல்லலாம். அந்த வருணத்தின் மற்றச் சாதிகளுக்கு ஆண்புழுவும் அதன் இரு புணர்முட்களும் (புணர்ச்சிக்கு உதவும் ஊசி போன்ற உறுப்புகளும்) வேண்டும். பெண்புழு மட்டும் கிடைத்தால் இனம் வரை போக முயலாதீர்கள்.

கொழுக்கிப்புழு: சற்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்

மலையகத் தோட்டங்களின் வரலாற்றோடு பிணைந்த புழு இது. 1916 அளவில் ரொக்பெல்லர் நிதியத்தின் ஆதரவோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கப்பட்டது. வெறுங்காலோடு கொழுந்தெடுத்த, மலசலகூடம் இல்லாத லயங்களில் வாழ்ந்த மக்களின் சோகைக்கு இப்புழு ஒரு பெரிய காரணம். ஆயினும் "கொழுக்கிப்புழு" என்பது ஓர் இனத்தின் பெயர் அன்று. மனித மலத்திலும் நாய் மலத்திலும் காணும் கொழுக்கிப்புழு முட்டைகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து இனம் பிரிக்க முடியாது. ஆகவே முட்டையை மட்டும் கொண்டு எழுதப்பட்ட எந்தப் பழைய பதிவும், எந்தப் புதிய பதிவும், "கொழுக்கிப்புழு" என்பதற்கு அப்பால் எதையும் நிறுவாது.

முதிர்ந்த புழு கிடைத்தால் வாய்க்குழியின் விளிம்பைப் பாருங்கள். பல்லுக்குப் பதிலாக வெட்டுத் தகடுகள் இருந்தால், மனிதரில், நெக்கேற்றர் அமெரிக்கானஸ். மூன்று சோடிப் பற்கள் தெரிந்தால், நாயில் அன்கைலோஸ்டோமா கேனைனம், பூனையில் அன்கைலோஸ்டோமா டியூபீபோர்மே. இரண்டு சோடிப் பற்கள் இருந்தால் கவனம் வேண்டும். இரண்டு சோடியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் பெரிதாக இருந்தால், மனிதரில், அன்கைலோஸ்டோமா டியோடினேல். வெளிச்சோடி பெரிதாகவும் உட்சோடி மிகச் சிறிதாகவும் இருந்தால் பிரேசிலியென்சே. உட்சோடி சிறிதானாலும் தெளிவாகப் புலப்பட்டால் சிலானிக்கம்.

இந்தக் கடைசிப் பெயரில் இலங்கை இருக்கிறது. எகிப்தில் பணியாற்றிய ஜெர்மானியரான ஆர்தர் லூஸ், இலங்கைப் புனுகுப்பூனையிலிருந்து கிடைத்த புழுக்களைக் கொண்டு 1911இல் இவ்வினத்தை விவரித்தார். கொழுக்கிப்புழுக் குடம்பி தோலைத் துளைத்து உடலுக்குள் செல்கிறது என்பதை, தன் கையில் தற்செயலாகச் சிந்திய நீரிலிருந்து கண்டறிந்தவரும் அவரே. அதற்கு ஓராண்டு முன், 1910இல், கோமெஸ் டி ஃபாரியா பிரேசிலில் பிரேசிலியென்சேயை விவரித்திருந்தார். இரண்டும் ஒன்றே என்று பலர் பின்னர் கருதியதால், முந்திய பெயர் என்ற முறையில் பிரேசிலியென்சே நிலைத்து, சிலானிக்கம் பல காலம் வழக்கொழிந்து கிடந்தது. 1951இல் பியோக்கா என்னும் இத்தாலியர் பற்களையும் ஆணின் பின்முனை விரல்களையும் ஒப்பிட்டு, இவை வேறுவேறு இனங்களே என்று காட்டினார். வேறுபாடு மருத்துவத்திலும் பெரிது: பிரேசிலியென்சேயின் குடம்பி மனிதத் தோலுக்குள் ஊர்ந்து அரிப்பை உண்டாக்குவதோடு நின்றுவிடும், சிலானிக்கமோ நாயிலிருந்து மனிதருக்கு வந்து, குடலில் முதிர்ந்து முட்டையிடும். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் ஆசியாவிலிருந்து "பிரேசிலியென்சே" என்று எழுதப்பட்ட பதிவுகளை அப்படியே எடுத்தாளக் கூடாது. லயத்து வாசலில் நாயும் பிள்ளையும் ஒரே மண்ணில் புழங்கும் இடத்தில் "மனிதரில் கிடைத்தது, ஆகவே நெக்கேற்றர்" என்று விருந்துவழங்கியை மட்டும் வைத்து முடிவு கட்டுவதை நான் மிக மோசமான பழக்கம் என்பேன்.

முட்டை மட்டுமே கையில் இருந்தால்

உயிருள்ள விலங்கிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் மலம்தான். செறிந்த உப்புக்கரைசலில் மிதக்கவிடும் முறை உருளைப்புழு முட்டைகளுக்குப் பொருந்தும். ஃபாசியோலா முட்டை பாரமானது ஆதலால் நீரில் அடையவிடும் முறை வேண்டும். ஃபாசியோலா முட்டை மஞ்சள் நிறமும் ஒரு முனையில் மூடியும் உடையது. பராம்பிஸ்டோம முட்டை அதே வடிவில் நிறமற்றுத் தெரியும். இரு முனையிலும் அடைப்புள்ளது டிரைக்கியூரிஸ். ஸ்ட்ரொங்கைலிடா முட்டைகள் சில விலக்குகள் தவிர ஒன்றுபோலவே இருக்கும்; "ஸ்ட்ரொங்கைல் வகை முட்டை" என்று எழுதுங்கள். சாதி தெரிய வேண்டுமாயின் மலத்தை ஈரமாக 27 பாகை செல்சியஸ் அளவில் ஒரு வாரம் வைத்து, மூன்றாம் நிலைக் குடம்பியை வளர்த்துப் பார்க்க வேண்டும். நுவரெலியாவின் அறை வெப்பநிலையில் ஒரு வாரம் போதாது.

ஏழாம் படி: பெயரை எழுதும் விதிகள்

விலங்குப் பெயரிடலுக்குச் சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று உண்டு. லின்னேயஸின் "சிஸ்டெமா நாச்சுரே" பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758ஆம் ஆண்டே அதன் தொடக்கம். இனத்தின் பெயர் இரு சொற்கள் கொண்டது: முதலாவது சாதி, அதன் முதலெழுத்துப் பெரிய எழுத்து; இரண்டாவது இனச்சொல், முழுவதும் சிறிய எழுத்து, ஊரின் அல்லது ஆளின் பெயரிலிருந்து வந்தாலும் அப்படியே. இரண்டும் சாய்வெழுத்தில் அச்சாகும். கையால் எழுதும்போது அடிக்கோடிட வேண்டும்.

பெயருக்குப் பின் அதை முதலில் விவரித்தவர் பெயரும் ஆண்டும் வரலாம். அஸ்காரிஸ் லும்பிரிகோயிடிஸ் லின்னேயஸ், 1758 என்பதில் அடைப்புக்குறி இல்லை. ஏனெனில் லின்னேயஸ் வைத்த அதே சாதியில்தான் அது இன்றும் இருக்கிறது. நெக்கேற்றர் அமெரிக்கானஸ் (ஸ்டைல்ஸ், 1902) என்பதில் அடைப்புக்குறி வருகிறது. ஸ்டைல்ஸ் 1902இல் அதை அன்சினேரியா அமெரிக்கானா என்றே பெயரிட்டார். மறு ஆண்டில் நெக்கேற்றர் என்ற தனிச் சாதி உருவானது. அன்சினேரியா பெண்பால், நெக்கேற்றர் ஆண்பால் ஆதலால் இனச்சொல்லின் ஈறும் அமெரிக்கானா என்பதிலிருந்து அமெரிக்கானஸ் என்று மாறியது. அடைப்புக்குறியைக் கண்டால் இப்புழு சாதி மாறியிருக்கிறது என்று வாசியுங்கள். அழகுக்காக அதைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

முந்திய பெயருக்கே உரிமை என்பது அடுத்த விதி. சாட்டைப்புழுவின் மெல்லிய முனை அதன் தலை. டிரைக்கியூரிஸ் என்ற பெயரோ அதை வால் என்று எண்ணி 1761இல் வைக்கப்பட்டது. பிழையைக் கண்ட ஷ்ராங்க் 1788இல் "மயிர்த்தலை" என்று பொருள்படும் வேறு பெயரை முன்வைத்தார். பொருளால் பின்னதே சரி. ஆனால் முந்தியது நிலைத்தது. பெயர் சரியான விவரணமாக இருக்க வேண்டும் என்று விதி கேட்பதில்லை. அதேபோல் சிலானிக்கம் என்றும், இலங்கை நாய்களிலிருந்து 1962இல் ஜயவர்தன விவரித்த புரூஜியா சிலோனென்சிஸ் என்றும் ஒரே நாட்டின் பெயர் இருவிதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, ஒன்றை மற்றதற்கு இசையத் திருத்த நமக்கு அதிகாரமில்லை.

மனிதரின் அஸ்காரிஸ் லும்பிரிகோயிடிஸும், கோயெஸே 1782இல் பெயரிட்ட பன்றியின் அஸ்காரிஸ் சூமும் ஒரே இனமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை, கலப்பினங்களும் கண்டறியப்பட்டுள்ளன. ஒன்றே என்று முடிவானால் 1758இன் பெயரே நிற்கும். அதுவரை நீங்கள் எந்தக் கருத்தைப் பின்பற்றினாலும், விருந்துவழங்கியைக் குறித்து வைத்திருந்தால் எதுவும் இழக்கப்படாது.

குடம்பிக்குத் தனி இனப்பெயர் இல்லை. இறைச்சிக் கொட்டிலில் மாட்டுத் தசையில் காணும் சிறைப்பையைப் பழைய ஏடுகள் சிஸ்டிசேர்கஸ் போவிஸ் என்று இருசொற் பெயரால் குறிக்கும். அது டீனியா சஜினாட்டாவின் குடம்பியே. ஆட்டின் வபையில் தொங்கும் நீர்ப்பை டீனியா ஹைடாட்டிஜெனாவினுடையது, மூளையில் வளர்வது டீனியா மல்டிசெப்ஸினுடையது. சீட்டில் "டீனியா சஜினாட்டா, சிறைப்பை நிலை" என்று எழுதுவதே தெளிவானது.

சுருக்கி எழுதும்போது எச்சரிக்கை தேவை. அஸ்காரிஸ், அன்கைலோஸ்டோமா, அன்ஜியோஸ்ட்ரொங்கைலஸ் மூன்றுக்கும் முதலெழுத்து ஒன்றே. டீனியாவும் டொக்சோகாராவும் டிரைக்கியூரிஸும் இன்னொரு கூட்டம். ஒரே பக்கத்தில் இவற்றுள் இரண்டு வந்தால் சாதியை முழுமையாக எழுதுங்கள். இனம் தெரியாதபோது சாதிப் பெயருக்குப் பின் இனம் என்பதன் இலத்தீன் சுருக்கத்தை (sp., பன்மையில் spp.) இட வேண்டும். ஒருமைக்கும் பன்மைக்கும் அது வேறுபடும், அச்சுருக்கம் சாய்வெழுத்தில் வராது. புழுவின் பெயரை நோயின் பெயரோடும் குழப்பாதீர்கள். விலங்கு ஒட்டுண்ணி நோய்களுக்கு "ஓசிஸ்" ஈற்றைச் சீராகப் பயன்படுத்த வேண்டும் என்று 1988இல் பரிந்துரை வந்தது. அதனால் மிருக வைத்திய ஏடுகளில் ஃபாசியோலோசிஸ் என்றும், மனித மருத்துவ ஏடுகளில் பெரும்பாலும் ஃபாசியோலியாசிஸ் என்றும் காண்பீர்கள்.

எட்டாம் படி: மேல்மட்ட வகைப்பாட்டில் பழையதும் புதியதும்

நூலகங்களில் உள்ள பழைய பாடநூல்கள் உருளைப்புழுக்களை வாலில் நுண்ணுணர் குழி உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரிக்கும். 1998இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று அவற்றை ஐந்து கிளைகளாக அமைத்தது: டிரைக்கியூரிஸ் முதற் கிளையில், அஸ்காரிஸும் யானைக்கால் நோய்ப் புழுவின் கூட்டமும் மூன்றாவதில், ஸ்ட்ரொங்கிலோயிடிஸ் நான்காவதில், கொழுக்கிப்புழுவும் ஹீமோன்கஸும் ஐந்தாவதில். முட்தலைப்புழுக்கள் நன்னீரில் வாழும் நுண்ணிய சக்கரவுயிரிகளுக்கு நெருங்கியவை என்பதும் அவ்வாறே தெரிய வந்தது. புதியவர்கள் இதில் அதிகம் மினக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. சாதியும் குடும்பமும் சரியாக இருந்தால், மேல்மட்டம் எப்படி மாறினாலும் உங்கள் பதிவு பயன்படும்.

ஒன்பதாம் படி: இறுதிச் சீட்டும் ஒப்படைப்பும்

முதற் சீட்டை எடுத்துவிடாமல், பெயர் எழுதிய இரண்டாம் சீட்டையும் போத்தலுள் இடுங்கள். அதில் பெயர், இனங்கண்டவர், இனங்கண்ட ஆண்டு, எந்த அடையாளத்தைக் கொண்டு அப்பெயர் வந்தது என்ற ஒரு வரி ஆகியன இருக்க வேண்டும்: "இரு சோடிப் பற்கள், உட்சோடி தெளிவு" என்றளவில் போதும். பின்னர் வேறொருவர் கருத்து மாறினால் அவர் மூன்றாம் சீட்டு இடுவார்; பழையதை யாரும் அகற்றக் கூடாது. ஐயமான புழுவைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய, விலங்கு விஞ்ஞான பீடத்துக்கோ கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ உங்கள் பகுதி மிருக வைத்தியர் வழியாக அனுப்பலாம். போத்தல் நிறைய எத்தனோல் ஊற்றி, மூடியை நாடாவால் சுற்றி, உடையாதபடி பஞ்சு வைத்து அனுப்புங்கள். அதே தொகுதியில் ஆண்புழு ஒன்றேனும் இருக்கிறதா என்று மூடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.